வளைகாப்பும் உயிர்க்காப்பும்



கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாக மேற்கே செல்லும் மலைச்சாலையில் கவுஞ்சி என்றோர் ஊர் உண்டு. மேல்மலை ஊர்களுள் அதுவும் ஒன்று. படிப்படியாய் வெட்டித் திருத்திய நிலங்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளையும் பகுதி அது. இம்மலைகளில் விளையும் பூண்டு புவிசார் குறியீடு பெற்றுப் புகழ் எய்தியது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறவேண்டுமென்று பூண்டை வேகவைத்துக் கொடாத வீடு தமிழ்நாட்டில் அரிது. ஆகவே மேல்மலை உழவன் தன் நிலத்தில் ஊன்றுவது, ஒருவகையில், ஈன்ற தாய்க்குரிய உணவே ஆகும். அந்தப் பூண்டை விற்ற காசு மாலையில் எங்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் நம் கவலை.

கவுஞ்சியை மட்டும் பிரித்தெடுத்துக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. தமிழ்நாட்டின் எவ்வூரையும் அதனிடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் குளிர் மிகுந்ததும், பெரிய மருத்துவமனைக்கு வளைந்து வளைந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதுமான மலையூரில், பிறந்த குழந்தைக்கு வரும் ஒரு நெஞ்சுச்சளி நோய்கூட விரைவில் உயிர்க்கேடாகிவிடும். அங்கே ஒரு பச்சிளங் குழந்தைக்கு முதல் மருத்துவம் அதன் உடலுக்குள்ளேயே இருக்கவேண்டும். அவ்வாற்றலைக் குடி எவ்வாறு பறிக்கின்றது என்பதை நம் மக்கள் தெளிவாக அறிதல் வேண்டும். தாய் ஒரு துளியும் குடியாதிருந்தும், அவள் வயிற்றுப் பிள்ளையைக் குடி தாக்கவியலும் என்பதே இக்கட்டுரையின் உட்பொருள்.

முதலில் இயற்கையின் ஏற்பாட்டைக் காண்போம். பிறக்கும் குழந்தை நோயெதிர்க்கும் ஆற்றலை முழுமையாகப் பெற்றுப் பிறப்பதில்லை. நுண்ணுயிர்களை விழுங்கியழிக்கும் வெள்ளணுக்கள் அதன் குருதியில் உண்டெனினும், அவை இன்னும் போர்க்களம் காணாத இளம்படையை ஒத்தவை. இக்குறையை நிரப்புபவள் தாய். அவள் தன் வாழ்நாளில் எந்த நோய்களை எதிர்த்து வென்றாளோ, எந்தத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டாளோ, அவற்றுக்குரிய எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியின் வழியே கருவுக்குச் செல்கின்றன. நாலாந் திங்களளவில் சிறிதாகத் தொடங்கும் இக்கொடை, கடைசி மூன்று திங்களிலேயே வெள்ளமெனப் பெருகுகின்றது. 28 முதல் 32 கிழமை வரையுள்ள காலத்தில் கருவின் குருதியிலுள்ள இப்புரதம் தாயினதில் ஏறத்தாழப் பாதியளவே இருக்கும். திங்கள் நிறைந்து பிறக்கும்போதோ தாயின் அளவுக்கு ஒப்பாகவும் அதனினும் மேலாகவும் ஆகிவிடும்.

நம் வீடுகளில் ஏழாந் திங்களிலோ ஒன்பதாந் திங்களிலோ வளைகாப்பு நடத்துகின்றோம். நம் முன்னோர் இவ்வறிவியலை அறிந்தே அதனை அமைத்தனர் என்று நாம் பொய்ப்பெருமை பேச வரவில்லை. ஆயினும் தாயின் கைகளில் வளை பூட்டப்படும் அதே காலத்தில், அவள் வயிற்றுக்குள் பிள்ளைக்கும் ஒரு காப்பு பூட்டப்படுகின்றது என்பது உண்மை. பிறந்தபின் முதல் சில நாள்களில் சுரக்கும் சீம்பால் இரண்டாங் காப்பு. அதிலுள்ள வேறொரு வகை எதிர்ப்புப் புரதம் குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் படிந்து, நோய்க்கிருமிகள் உள்நுழையாமல் காக்கின்றது. இவ்விரு காப்பும் குறைவின்றிக் கிடைத்த பிள்ளைக்கு முதல் சில திங்கள் ஓரளவு அரண் உண்டு.

இவ்வரணை உடைத்துக்கொண்டு குடி எவ்வாறு உட்புகுகின்றது?

முதல் வழி நேர்வழி. ஆல்ககால் என அயலார் கூறும் வெறியம் மிகச் சிறிய மூலக்கூறு. நஞ்சுக்கொடி அதனைத் தடுப்பதில்லை. தாய் குடித்த சிறிது நேரத்திற்குள் கருவின் குருதியிலும் அது ஏறத்தாழத் தாயினதற்கு ஒத்த அளவை எட்டிவிடுகின்றது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் வலிமை கருவின் ஈரலுக்கு இல்லை. பனிக்குட நீரில் அது தங்கி நிற்க, அந்நீரையே கரு மீண்டும் மீண்டும் விழுங்குகின்றது. பிரான்சு நாட்டின் நாந்து நகரத்து மருத்துவர் இலெமுவான் என்பார், குடிக்கும் தாய்மார்க்குப் பிறந்த 127 குழந்தைகளை ஆராய்ந்து 1968-இல் எழுதினார். 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர்களான சோன்சு, சிமித்து ஆகியோர் இக்கேட்டினுக்குத் தனிப்பெயரே இட்டனர். முகவமைப்பின் மாறுபாடும் மூளை வளர்ச்சிக் குறையுமே அப்போது பெரிதும் பேசப்பட்டன. பின்னர் 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இத்தகைய குழந்தைகளுக்கு நோய்த்தொற்றுகள் மிகுதியாக வருவதையும் நோயெதிர்ப்பு அணுக்களின் ஆற்றல் குறைந்திருப்பதையும் எடுத்துக்காட்டியது. 2005-இல் அட்லாண்டா நகரத்து ஆய்வாளர்கள், கருக்காலத்தில் தாய் மிகுதியாகக் குடித்திருப்பின், திங்கள் நிறைந்து பிறந்த குழந்தைக்குங்கூட நோய்த்தொற்று நேரும் வாய்ப்பு மிகுவதைக் கண்டனர். விலங்குகளில் செய்த ஆய்வுகள் காரணத்தையும் காட்டின. நுரையீரலின் காற்றறைகளில் காவல் நிற்கும் விழுங்கணுக்கள், கருவிலே வெறியத்தில் தோய்ந்தால், பிறந்தபின் கிருமிகளைப் பிடித்து விழுங்கும் திறத்தை இழக்கின்றன. காவலன் இருக்கின்றான்; அவன் கையில் வாள் இல்லை.

இங்கு நம் மக்களிடையே நிலவும் சில தவறான எண்ணங்களைச் சுட்டாமல் விடலாகாது. மலைக்குளிருக்கு ஒரு வாய் சாராயம் நல்லது என்பர் சிலர். பிள்ளை பெற்றவளுக்கு உடல் வலி தீரப் பிராந்தி கொடுப்பதும், குழந்தைக்குச் சளி கட்டினால் நாவில் இரண்டு சொட்டு வைப்பதும், நெஞ்சில் தடவுவதும் இன்றும் சில வீடுகளில் உண்டு. இவை யாவும் தீங்கு. வெறியம் தோலின் அடியிலுள்ள குருதிக்குழாய்களை விரியச் செய்கின்றது. அதனால் உடம்பு சூடானது போலத் தோன்றும். உண்மையில் உள்ளிருந்த சூடு வெளியேறுகின்றது, உடம்பு குளிர்கின்றது. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத பச்சிளங் குழந்தைக்கு இது எத்துணைக் கொடுமை! தாய் குடித்தால் அவள் குருதியிலுள்ள அளவே பாலிலும் இருக்கும். அவ்வாறான பாலைக் குழந்தை குறைவாகவே குடிக்கின்றது என்பதை பிலடெல்பியா நகரத்து ஆய்வாளர்கள் 1991-இலேயே அளந்து காட்டினர். பால் குறைந்தால் இரண்டாங் காப்பும் குறைந்தது என்பதே பொருள். கருவுற்ற பெண்ணுக்குத் தீங்கற்ற வெறிய அளவு என்று எதுவும் இல்லை என்பதே மருத்துவ உலகின் முடிவு.

‘நம் பெண்கள் குடிப்பதில்லையே, நமக்கென்ன?’ என்று கேட்பார் உண்டு. உண்மைதான். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 அகவையைக் கடந்த பெண்டிருள் குடிப்போர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் ஆடவருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் குடிக்கின்றனர். இரண்டாவது வழி இங்கேதான் திறக்கின்றது. அது அச்சத்தின் வழி.

ஏழு திங்கள் கருவுற்ற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் காட்டு வேலை செய்தவள். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டது. அடுப்பில் உலை வைத்துவிட்டுக் காத்திருக்கின்றாள். வரும் காலடியோசை நேராக வருகின்றதா, தடுமாறி வருகின்றதா என்று செவியைத் தீட்டிக்கொண்டிருக்கின்றாள். கதவு எட்டி உதைக்கப்படுமா, கூலிக்காசு மீந்திருக்குமா, இன்றைக்கும் அடி விழுமா என்று அவள் நெஞ்சம் படபடக்கின்றது. அவள் வாய் ஒன்றும் பேசவில்லை. அவள் உடல் பேசுகின்றது.

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல அமைந்த இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அச்சம் வந்ததும் மூளையின் ஏவலால் அவை கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைக் குருதியில் விடுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை அணியப்படுத்துவது அது. ஒருநாள் அச்சத்திற்கு அது நன்மையே செய்யும். பேறுகாலத்தை ஒட்டி அதன் அளவு இயல்பாகவே ஏறுவதும், கருவின் நுரையீரல் முதிர்வதற்கு அது துணைசெய்வதும் இயற்கையின் ஏற்பாடே. ஆனால் நாள்தோறும் அச்சம், திங்கள்தோறும் அச்சம் என்று ஆகும்போது, அதே இயக்குநீர் பகையாகின்றது. நோயெதிர்ப்பு வேலையை அடக்கி வைப்பது அதன் பண்புகளுள் ஒன்று. அப்பண்பினாலன்றோ மருத்துவர்கள் அவ்வகை மருந்துகளை அழற்சியைத் தணிக்கப் பயன்படுத்துகின்றனர்!

தாயின் கார்ட்டிசால் முழுவதும் கருவைச் சென்றடையாதவாறு நஞ்சுக்கொடியில் ஒரு நொதியம் காவல் நிற்கின்றது. வரும் இயக்குநீரின் பெரும்பகுதியை அது வலுவிழக்கச் செய்துவிடும். தாய் தொடர்ந்து கலக்கத்தில் உழன்றால் இக்காவலும் தளர்வதுண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் சூல்கொண்ட மந்திகளைத் திடீர்த் திடீரென எழும் பேரோசையால் கிழமைக்கணக்கில் அச்சுறுத்திப் பார்த்தனர். அவற்றுக்குப் பிறந்த குட்டிகளின் குடலில், நோயைத் தடுக்கத் துணைபுரியும் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்திருந்தன. இவ்வாய்வு வெளிவந்த ஆண்டு 2004. அந்த மந்திகளை எவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, வெறும் ஓசையே அத்தனைக்கும் காரணம். நம் வீடுகளில் இரவில் எழும் ஓசைகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

இன்னொன்றும் உண்டு. அடியும் அச்சமும் மிகுந்த வீடுகளில், திங்கள் நிறையாமல் பிறத்தலும் எடை குறைந்து பிறத்தலும் மிகுதி. எதிர்ப்புப் புரதங்களின் வெள்ளம் கடைசி மூன்று திங்களிலேதான் பாய்கின்றது என மேலே கூறினோம். ஐந்தாறு கிழமை முன்னதாகப் பிறந்துவிட்ட பிள்ளை, வெள்ளம் வருமுன்னே மடையை அடைத்த வயலைப் போன்றது. அதன் தாயிடம் கொடுக்க நிறைய இருந்தது. கொடுக்கத்தான் காலம் வாய்க்கவில்லை.

இவ்விரு வழியும் ஓரிடத்தில் கூடுவதையும் அறிதல் வேண்டும். வெறியம் உட்கொண்டாலே உடலில் கார்ட்டிசால் பெருகும். கருவிலே வெறியம் பட்ட எலிக்குட்டிகள், வளர்ந்த பின்னும் சிறு தொல்லைக்கே கார்ட்டிசாலை ஒத்த இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கின்றன என்பதைக் கனடாவின் வான்கூவர் நகரத்து ஆய்வாளர்கள் பல்லாண்டு ஆய்ந்து கண்டனர். ஆக, ஒரு தலைமுறையின் குடி, அடுத்த தலைமுறையின் உடலில் அச்சமாகவே பதிந்துவிடக் கூடும். குடிகாரன் வீட்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் நோயாளியாகவே பிறக்கும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் அறிவியலுமாகாது; அத்தாய்மாரை வருத்துதலும் ஆகும். கேடு நேரும் வாய்ப்பு மிகுகின்றது என்பதே நாம் கூறுவது. தன் பிள்ளையின் உயிரை அத்தகைய வாய்ப்பின்மேல் வைத்துச் சூதாட எந்தத் தகப்பனுக்கும் உரிமை இல்லை.

வீட்டிலே அடி விழுவது எங்கோ ஒரு சிலர்க்கு என்றும் எண்ணவேண்டா. அதே கணக்கெடுப்பு, இந்திய நாடு முழுவதும், கணவன் அடிக்கடி குடித்து வெறியேறும் வீடுகளில் 100 பெண்களுள் 70 பேர் அடியோ உடல்வழிக் கொடுமையோ பட்டிருப்பதைக் காட்டுகின்றது. கணவன் குடியாத வீடுகளில் அவ்வெண்ணிக்கை 23. இந்த 70-க்கும் 23-க்கும் இடையே கிடக்கும் பெண்களின் வயிற்றில் எத்தனைப் பிள்ளைகள்!

இனி அரசின் பொறுப்பைப் பார்ப்போம். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிற்று. 1971-இல் கருணாநிதி ஆட்சி அதனைத் தள்ளிவைத்தது. 1974-இல் அவ்வாட்சியே மீண்டும் கொணர்ந்தது. 1981-இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் கடைகள் மறுபடியும் திறந்தன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம், அதாவது டாசுமாக்கு, தோன்றியது. 2003-இல் செயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. எவர் வந்தாலும் எவர் போனாலும் புட்டி மட்டும் போகவில்லை. மதுக்கடையை மூடக்கோரிப் போராடிய காந்தியவழித் தொண்டர் சசிபெருமாள் 2015-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் போராட்டக் களத்திலேயே உயிர்நீத்தார். அதன்பின் சில நூறு கடைகள் மூடப்பட்டனவே ஒழிய, வருவாய் குறையவில்லை. 2023–24-ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி உரூபாவுக்கு மேல்.

இதே அரசுதான், மருத்துவர் முத்துலட்சுமி பெயரால் அமைந்த மகப்பேற்று உதவித் திட்டத்தின்கீழ், கருவுற்ற ஏழைப் பெண்ணுக்கு 18,000 உரூபா மதிப்புள்ள உதவி வழங்குகின்றது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் குழந்தைச் சாவு 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரத்துக்கு 13 எனக் குறைந்திருந்தது. அப்போது இந்திய அளவு 28. ஊர் ஊராய் நடந்து உழைத்த செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் நாம் நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஒரு கையால் தாய்க்கு ஊட்டப்பொருள் கொடுத்து, மறு கையால் அவள் கணவனிடம் புட்டியை நீட்டும் அரசை என்னென்பது? அவளுக்குக் கொடுக்கும் காசு அதே கடையின் கல்லாவுக்குத் திரும்பி வருமாயின், அதற்கு உதவி என்று பெயரா?

புட்டியின்மேல் எச்சரிக்கை எழுதியுள்ளோம் என்பர். அது குடிப்பவன் உடல்நலத்தைப் பேசுகின்றது. வண்டி ஓட்டாதே என்கின்றது. வயிற்றிலுள்ள பிள்ளையைப் பற்றி ஒரு சொல் உண்டா? அமெரிக்காவில் 1989 முதலே கருவுற்ற பெண்கள் குடித்தலாகாது என்று புட்டிதோறும் அச்சிடுகின்றனர். பிரான்சில் 2007 முதல் அதற்கென ஒரு படக்குறியே இடுகின்றனர். நாம் அச்சிடவேண்டியது அதனினும் ஒருபடி மேலானது. ‘கருவுற்றவள் வீட்டில் இருக்கையில் கணவனே, குடியாதே’ என்று எளிய தமிழில், பெரிய எழுத்தில் பொறித்தல் வேண்டும். கரு, சூல், நஞ்சுக்கொடி, சீம்பால், தாய்ப்பால் என்று இத்துறைக்கு வேண்டிய சொற்கள் யாவும் நம் பாட்டிமார் வாயிலேயே உள்ளன. அவ்வாறிருக்க, தாய்க்குச் சொல்லவேண்டியதை அவளுக்கு விளங்காத அயற்சொற்களால் அட்டையில் எழுதிக்கொடுப்பது அறிவை அவளுக்கு மறைப்பதே ஆகும். அவள் மொழியில் சொல்லாத மருத்துவ உண்மை அவளுக்குச் சொல்லப்படாத உண்மையே.

நாம் வேண்டுவன இவை. மருத்துவமனை தொலைவான மலையூர்ப் பகுதிகளில் முதலில் மதுக்கடைகளை மூடுக. ஊர்மன்றம் கூடிக் கடை வேண்டா என்று தீர்மானித்தால் அதற்குச் சட்ட வலிமை தருக. கருவுற்ற பெண்ணின் எடையையும் குருதியழுத்தத்தையும் அளக்கும் செவிலியர், ‘வீட்டில் அச்சமின்றி உறங்குகின்றாயா, அம்மா?’ என்று தனிமையில் பரிவோடு கேட்டறிக. கணவனையும் அழைத்து உட்காரவைத்து உண்மையைச் சொல்லுக. அடிபடும் பெண்கள் 181 என்னும் எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும் என்பதை ஊர்தோறும் எழுதி வைக்குக.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குடிக்கும் உடன்பிறப்பே! உன் மனைவி கருவுற்றாள் எனக் கேட்ட அன்றே புட்டியைக் கீழே வை. நெடுநாள் குடித்துக் கை நடுங்குபவனாயின், திடுமென நிறுத்துதலும் உயிருக்கு இடராகலாம். மருத்துவரிடம் சென்று அவர் துணையோடு நிறுத்து. ஏழு திங்கள் கடந்துவிட்டதே, இனி என்ன பயன் என்று எண்ணாதே. காப்பு பூட்டப்படுவதே கடைசி மூன்று திங்களில்தான். அக்காலத்தில் உன் வீட்டில் அமைதி நிலவினால், பிள்ளை திங்கள் நிறைந்து பிறக்கும் வாய்ப்பு மிகும். பிறந்ததும் வேறெதுவும் புகட்டாமல் சீம்பால் கொடுக்கச் செய். அவளை உறங்க விடு.

பழந்தமிழர் கள்ளுண்டதைச் சான்றோர் பாடல்களே கூறும். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே மரபில் தோன்றிய திருவள்ளுவப் பெருந்தகை, கள்ளுண்ணாமைக்கென 93-ஆம் அதிகாரத்தை முழுதாக ஒதுக்கினார். அதனுள், குடிப்பவனைப் பெற்ற தாயின் துயரத்தை நினைவூட்டினார். ஈன்றவளின் கண்ணீரை அவர் காட்டினார். ஈனப் போகின்றவளின் குருதியை இற்றை அறிவியல் காட்டுகின்றது. இரண்டும் ஒரே தாய்மையைப் பற்றியனவே.

மேல்மலைப் பூம்பாறையில் முருகனைக் குழந்தை வேலப்பர் என்றே அழைத்து வழிபடுகின்றனர். குழந்தையின் கையிலும் வேல் கொடுத்துப் பார்த்த மக்கள் நாம். கவுஞ்சியிலும் நம் ஊர்கள் எங்கணும் பிறக்கப்போகும் பிள்ளைகளின் கையிலுள்ள வேலைப் பிறக்குமுன்னே பிடுங்கிக்கொள்ளும் புட்டியை நாம் இன்னும் எத்தனை நாள் பொறுத்திருப்பது?

வளை பூட்டும் கைகள், உயிர்க்காப்பையும் பூட்டட்டும்!